பார்க்கிற வெளிச்சமும் இருக்கிற வெளிச்சமும்

(பள்ளிகொண்டாவில் தோல் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த மாலை வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்பில் பூமி சூரியனைச் சுற்றுவதைப் பற்றிப் பேசினோம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவர். "அண்ணே, ஆண்ட்ரோமீடான்னு ஒண்ணு இருபத்தஞ்சு லட்சம் ஒளி வருஷத் தூரத்துல இருக்குதாம். பையன் படிச்சுக்கிட்டு இருந்தான். யார் போய் கயிறு பிடிச்சு அளந்தாங்க? ஜோசியக்காரன்கூடத்தான் கட்டம் போட்டுக் கணக்கு சொல்றான். அவனை நம்பாதேன்றீங்க. இதை மட்டும் எதுக்கு நம்பணும்?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்று எங்களிடம் பதில் இல்லை. எங்கள் படிப்பு பத்தாவதோடு நின்றது. ஒரு மாதமாகப் புத்தகங்களைத் தேடிப் படித்தோம். கணிதம் தெரிந்த ஆசிரியத் தோழர்களிடம் கேட்டோம். அந்தக் கேள்விக்குத்தான் இன்று முழு நேரமும்.

கேள்வி நியாயமான கேள்வி. அளவு என்றாலே நமக்குச் சந்தேகம் வருகிறது. பச்சைத் தோலை எடை போடுகிற இடத்தில் உப்பை உதறினார்களா என்று பார்க்கிறோம். பதனிட்ட தோல் மெஷினில் எத்தனை சதுர அடி காட்டுகிறது என்று எட்டிப் பார்க்கிறோம். களத்தில் கூலி நெல் அளக்கும்போது மரக்காலின் தலையைத் தட்டுகிறார்களா, கூம்பாக அளக்கிறார்களா என்று கண்ணை எடுக்காமல் நிற்கிறோம். வானத்தை அளக்கிறவர்களிடமும் அதையே கேட்போம். உங்கள் எடைக்கல் எது? அதைச் சோதித்தவர்கள் யார்? அது தப்பாக இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலில் நம் ஊர் ரோட்டுக்கு வாருங்கள். இரவில் சுங்கச்சாவடியைத் தாண்டி இருட்டில் நின்று ஆம்பூர்ப் பக்கம் பாருங்கள். தூரத்தில் ஒற்றை விளக்கு ஒன்று வருகிறது. அது பக்கத்தில் வரும் மொபெட்டா, தூரத்தில் வரும் லாரியா? கண்ணுக்குத் தெரியாது. மங்கலான விளக்கு பக்கத்தில் இருந்தாலும் பெரிய விளக்கு தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஒரு ஹாரன் சத்தம் கேட்டால் போதும். லாரியின் ஹாரன் வேறு, மொபெட்டின் ஹாரன் வேறு. லாரி என்று தெரிந்துவிட்டால் அதன் விளக்கின் பலம் இவ்வளவு என்று தெரியும். பலமான விளக்கு இவ்வளவு மங்கலாகத் தெரிந்தால் இத்தனை தூரம் என்று சொல்லிவிடலாம்.

வானத்துத் தூரம் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். பார்க்கிற வெளிச்சம் ஒன்று. இருக்கிற வெளிச்சம் ஒன்று. பார்க்கிற வெளிச்சத்தை அளக்கலாம். இருக்கிற வெளிச்சத்தைச் சொல்ல ஒரு ஹாரன் வேண்டும். இரண்டும் கிடைத்தால் தூரம் தானாக வந்துவிடும்.

எப்படி வரும்? தோல் வேலை செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு விளக்கிலிருந்து ஓர் அடி தூரத்தில் ஒரு சதுர அடித் தோலைப் பிடியுங்கள். அதன்மேல் விழுந்த வெளிச்சம், தோலை எடுத்துவிட்டால், இரண்டடி தூரத்தில் எவ்வளவு இடத்தில் பரவும்? இரண்டு சதுர அடி என்று வாய் வரும். இல்லை, நான்கு சதுர அடி. அகலமும் இரண்டு மடங்கு, நீளமும் இரண்டு மடங்கு. மூன்றடியில் ஒன்பது சதுர அடி. அதே வெளிச்சம் ஒன்பது பங்காகப் பிரிந்துவிட்டது. பத்து மடங்கு தூரம் போனால் நூறில் ஒரு பங்கு. ஒரே பலமுள்ள இரண்டு விளக்குகளில் ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு மங்கல் என்றால் அது பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. யார் செய்தாலும் இந்த விடைதான் வரும்.

சரி, பார்க்கிற வெளிச்சத்தை அளந்தது யார்? கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கிற வழக்கம் பழைய கிரேக்கர் காலத்திலிருந்து உண்டு. நன்றாக ஒளிர்கிற நட்சத்திரம் முதல் தரம். கண்ணுக்கு அரும்பாடுபட்டுத் தெரிவது ஆறாம் தரம். தோலைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதைப் போலத்தான். ஆனால் ஆளுக்கு ஆள் தரம் மாறும். 1856-ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் இதை ஒரு கணக்குக்குக் கொண்டுவந்தார். முதல் தரம் ஆறாம் தரத்தைவிடச் சரியாக நூறு மடங்கு பிரகாசம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் ஒவ்வொரு தரத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மடங்கு, கச்சிதமாகச் சொன்னால் 2.512 மடங்கு. உலகம் முழுவதும் வானநூலார் இன்றும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆறாம் தரத்துக்கு அப்பாலும் அது போகும். 26-ஆம் தரம் என்றால் ஆறாம் தரத்தைவிடப் பத்துக் கோடி மடங்கு மங்கல்.

இந்தப் போக்சன் யார் தெரியுமா? 1861-ல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் 30 ஆண்டு வேலை பார்த்து, 1891-ல் சென்னையிலேயே இறந்தவர். 1792-ல் கட்டிய கூடம் அது. அதன் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ஒரு நட்சத்திரம் கூடிக் குறைந்து ஒளி விடுவதைக் கண்டுபிடித்தவர். 1874-ல் சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்தபோது, அது என்ன, அதை வைத்துச் சூரியனின் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று சாதாரண ஜனங்களுக்கு விளக்கிச் சிறு நூல் எழுதி, இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டார். இன்று நாம் இங்கே உட்கார்ந்து செய்கிற வேலையை 150 ஆண்டுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார் என்பது நமக்குத் தெம்பு தருகிறது.

இப்போது நட்சத்திரத் திரள்களுக்கு வருவோம். காலக்சி என்பார்கள். நம் சூரியனைப் போலப் பல்லாயிரம் கோடி நட்சத்திரங்கள் ஒன்றுகூடி இருப்பது ஒரு திரள். நாம் இருக்கும் திரள் பால்வீதி. ஆண்ட்ரோமீடா நமக்குப் பக்கத்துப் பெரிய திரள். தூரத்தை ஒளி ஆண்டில் சொல்வார்கள். ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். சூரியனிலிருந்து இங்கு வர எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். ஓர் ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். அது ஓர் ஒளி ஆண்டு.

நட்சத்திரம் ஒரு புள்ளி; அளப்பது சுலபம். திரள் அப்படியல்ல. மாவு சிந்தியதைப் போல ஒரு திட்டு. நடுவில் அடர்த்தி, வெளியே போகப் போக மங்கி, எங்கே முடிகிறது என்றே தெரியாது. தோலுக்கு ஓரம் உண்டு, அளந்துவிடலாம். திரளுக்கு ஓரம் இல்லை. அதனால் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகப் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் எவ்வளவு ஒளி என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். முன்பு கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். இப்போது ஒரு சில்லு. அதில் லட்சக்கணக்கான சிறு குழிகள். வாசலில் வரிசையாகப் பாத்திரம் வைத்து மழைநீர் பிடிப்பதைப் போல ஒவ்வொரு குழியிலும் விழுந்த ஒளியைப் பிடித்து எண்ணுகிறார்கள்.

ஆனால் பாத்திரத்தில் விழுவதெல்லாம் திரளின் ஒளி அல்ல. வானமே கொஞ்சம் ஒளிர்கிறது. ஊர் விளக்கின் வெளிச்சமும் சேர்கிறது. உப்போடு சேர்த்துத் தோலை எடை போட்டால் என்ன ஆகும்? அதனால் திரள் இல்லாத வெறும் வானத்தைப் பக்கத்திலேயே அளந்து கழிக்கிறார்கள். சாக்கின் எடையைக் கழிப்பது போல. பிறகு இன்னொரு கழிவு. வழியில் தூசி இருக்கிறது. மாலைச் சூரியன் சிவந்து மங்குவதைப் போல, தூசி வழியே வந்த ஒளி சிவந்து மங்கும். எவ்வளவு சிவந்தது என்று பார்த்து, எவ்வளவு மங்கியது என்று கண்டு அதையும் சரிக்கட்டுகிறார்கள். இவ்வளவும் செய்த பிறகுதான் பார்க்கிற வெளிச்சம் கைக்கு வருகிறது.

இனி ஹாரன்.

அடுத்தடுத்த படிகளாகப் போக வேண்டும். முதல் படிக்கு விளக்கும் வேண்டாம், ஹாரனும் வேண்டாம். பஸ்ஸில் போகும்போது ரோட்டோரப் புளியமரம் பின்னால் ஓடுகிறது. தூரத்து மலை அசையாமல் நிற்கிறது. கட்டை விரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாதத்தில் முப்பது கோடி கிலோமீட்டர் இடம் மாறுகிறது. அதற்குள் பக்கத்து நட்சத்திரம் பின்னணியில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். 1838-ல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் முதன்முதலில் இதைச் செய்து காட்டினார். 2013-ல் அனுப்பிய கையா என்ற விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை இந்த முறையில் அளந்தது. கயிறு பிடித்தது யார் என்று கேட்ட தம்பிக்குப் பதிலின் முதல் பாதி இது. பூமியின் பாதைதான் கயிறு.

அதற்கு அப்பால் விரல் அசைவு தெரியாது. அங்கேதான் ஹாரன் தேவை. இதில் ஒன்றைக் கண்டுபிடித்தவரின் பெயர் நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. இங்கிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீட்டர் அளவுதான் காவலூர். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் இருக்கிறது. அந்த மலைப்பாதையில் விறகு சுமந்தவர்கள், சாமை அறுக்கப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். மரங்களுக்கு மேல் தலை நீட்டும் வெள்ளைக் கூண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அது வைணு பாப்பு வானாய்வுக் கூடம்.

வைணு பாப்பு 1927-ல் பிறந்தவர். 1957-ல் அவரும் அமெரிக்காவின் ஆலின் வில்சனும் சேர்ந்து ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வானவில் போல விரியும். அதில் கருங்கோடுகள் இருக்கும். ஊதாப் பக்கத்தில் கால்சியம் உண்டாக்கும் ஒரு கோடு உண்டு. நம் சுண்ணாம்பில் இருக்கிற அதே கால்சியம்தான், தம்பி. அந்தக் கருங்கோட்டின் நடுவே சில நட்சத்திரங்களில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரியும். அந்த ஒளிக்கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு பிரகாசமானது அந்த நட்சத்திரம். தூரத்தால் நட்சத்திரம் மங்கும். கோட்டின் அகலம் மாறாது. லாரி எவ்வளவு தூரத்தில் வந்தாலும் அது லாரி ஹாரன்தான். நம் பால்வீதிக்குள் இருக்கிற, சூரியனைப் போன்ற நட்சத்திரங்களுக்கும் அதைவிடச் சிவந்தவற்றுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

அவர்தான் 1960-களில் நல்ல இருட்டு வானம் தேடி ஜவ்வாது மலைக்கு வந்தார். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியில் 1968-ல் வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி; அது அன்றைய ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் ஜேனா நகரத் தொழிற்சாலையில் செய்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டபோது காவலூரும் அதைப் பார்த்தது. பிறகு 2.3 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யத் தீர்மானித்தார்கள். அதன் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில். கிளேசிங் மெஷினில் தோலுக்கு மெருகு ஏற்றுகிற தோழர்களுக்குத் தெரியும், கை ஒரு நொடி கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று. அங்கே அனுமதித்த பிசகு தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். மாதக்கணக்கில் தேய்ப்பது, நிறுத்தி அளப்பது, மறுபடி தேய்ப்பது. 1986 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. பாப்பு அதைப் பார்க்கவில்லை; 1982-லேயே இறந்துவிட்டார். அப்போது இந்தியாவில் அதைவிடப் பெரியது இல்லை. 2016-ல் உத்தராகண்டில் தேவஸ்தலில் 3.6 மீட்டர் வந்தது.

பால்வீதியைத் தாண்டி அடுத்த திரளுக்குப் போக வேறு ஹாரன் வேண்டும். அதைக் கண்டுபிடித்தது ஒரு கூலிப் பெண். வார்த்தையை யோசித்துத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுக்கப் பெண்களை வைத்திருந்தார்கள். தொலைநோக்கியில் பார்க்க அவர்களை விடுவதில்லை. ஹென்ரீட்டா லெவிட் அவர்களில் ஒருவர். மணிக்கு 30 சென்ட் கூலி. காது கேட்பது குறைவு. கூடிக் குறைந்து துடிக்கிற நட்சத்திரங்களைத் தகடு தகடாகப் பார்த்துப் பட்டியல் எடுத்தார். மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு சிறு திரள்களில் மட்டும் 1,777 கண்டார், 1908-ல் வெளியிட்டார்.

அங்கேதான் அவருடைய புத்தி வேலை செய்தது. மலைச் சரிவில் தூரத்து ஊர் ஒன்றின் விளக்குகளை இங்கிருந்து பாருங்கள். எல்லாம் நமக்கு ஏறத்தாழ ஒரே தூரம். அப்படியானால் அதில் எது பிரகாசமாகத் தெரிகிறதோ அது உண்மையிலேயே பிரகாசமானது. மேகத்தில் உள்ள நட்சத்திரங்களும் அப்படியே. 1912-ல் 25 நட்சத்திரங்களை வரிசைப்படுத்தினார். அதிகப் பிரகாசமானவை மெதுவாகத் துடிக்கின்றன. குறைந்தவை வேகமாகத் துடிக்கின்றன. விதிவிலக்கு இல்லை. பெரிய மணி நிதானமாக ஆடும், சின்ன மணி படபடவென்று ஆடும். எத்தனை நாளுக்கு ஒரு முறை துடிக்கிறது என்று எண்ணினால் போதும், அதன் இயல்பான ஒளி தெரிந்துவிடும். சீஃபீடு நட்சத்திரம் என்று இவற்றுக்குப் பெயர்.

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடாவுக்குள் அப்படி ஒன்றைக் கண்டார். லெவிட்டின் கணக்கைப் போட்டார். ஒன்பது லட்சம் ஒளி ஆண்டு என்று வந்தது. அதுவரை பால்வீதிதான் உலகம் முழுவதும் என்று நினைத்திருந்த பலர் வாய் மூடினார்கள். லெவிட் 1921-லேயே இறந்துவிட்டார். 1925-ல் ஸ்வீடனிலிருந்து ஒரு பேராசிரியர், நோபல் பரிசுக்கு உங்கள் பெயரை முன்மொழிய நினைக்கிறேன் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்தது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஷூ கம்பெனியில் ஜோடிக் கணக்குக்குத் தைக்கிற சகோதரிகளுக்கு இந்தக் கதையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கவனியுங்கள். ஹப்பிள் சொன்னது ஒன்பது லட்சம். பையனின் புத்தகத்தில் 25 லட்சம். எது சரி? இங்கேதான் ஜோசியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பிறக்கிறது.

ஹப்பிளின் எடைக்கல் தப்பு. அது எப்படித் தெரிந்தது? பல திரள்களின் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்து அவர் 1929-ல் ஒரு கணக்குப் போட்டார். அதன்படி பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு. ஆனால் பூமியின் பாறைகளைச் சோதித்தவர்கள் அதைவிட அதிக வயது சொன்னார்கள். தாயைவிட மகள் மூத்தவள்! எங்கோ ஒரு கல் கள்ளக்கல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் எதிரி விமானத்துக்குப் பயந்து இரவில் விளக்குகளை அணைத்தார்கள். அந்த நகரத்துக்கு மேலே இருக்கிற வில்சன் மலையில் வால்டர் பாடே என்ற ஜெர்மானியர் வேலை செய்தார். எதிரி நாட்டுக்காரர் என்பதால் அவரை யுத்த வேலைக்குச் சேர்க்கவில்லை. மற்றவர்கள் போய்விட்டார்கள், பெரிய தொலைநோக்கி அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது, வானமும் இருண்டிருந்தது. ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரமாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரங்களில் இரண்டு ஜாதி... மன்னிக்க வேண்டும், இரண்டு வகை இருக்கிறது என்று கண்டார். துடிக்கும் நட்சத்திரங்களிலும் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டு அளந்ததுதான் பிழை. 1952-ல் ரோம் மாநாட்டில் அறிவித்தார். ஒரே நாளில் திரள்களின் தூரம் எல்லாம் இரண்டு மடங்காயிற்று. அதற்குப் பிறகும் திருத்தித் திருத்தித்தான் 25 லட்சத்துக்கு வந்திருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் வயது இப்போது 1,380 கோடி ஆண்டு. பூமிக்கு 454 கோடி. மகள் இளையவளாகிவிட்டாள்.

இங்கே ஒரு வார்த்தை. நகரத்து விளக்கு அணைந்ததால் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. வாணியம்பாடியும் ஆம்பூரும் ஆலங்காயமும் வளர வளரக் காவலூர் வானம் வெளுக்கிறது. விளக்கு வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். தெருவிளக்கே எரியாத காலனிகளில் இருட்டில் நடந்து பாம்பு மிதித்தவர்கள் நாம். விளக்கு வேண்டும், ஆனால் அது தரையைப் பார்த்து எரியட்டும். வானத்தைப் பார்த்து எரிகிற விளக்கால் நடக்கிறவனுக்கும் பயனில்லை, மலைமேல் இருக்கிறவனுக்கும் தொல்லை.

இன்னும் தூரத்தில் சீஃபீடுகளும் தெரியாது. அங்கே வேறு வழிகள். சுழல்கிற திரள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு நிறை, அவ்வளவு ஒளி என்று 1977-ல் டுல்லி, ஃபிஷர் என்ற இருவர் காட்டினார்கள். அதைவிட எட்டுவது வெடிக்கிற நட்சத்திரம். அதற்குப் பின்னால் நிற்கும் கணக்கு நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞர் போட்டது. 1930-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகும் கப்பலில், 19 வயதில், சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள நட்சத்திரம் சூரியனைப் போல 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது. 1935-ல் லண்டனில் எடிங்டன் என்ற பெரிய மனிதர் சபை நடுவே இதைக் கேலி செய்தார். கணக்கு நின்றது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அந்த எல்லையை நெருங்கிய குள்ளன் வெடிக்கும்போது ஏறத்தாழ 500 கோடி சூரியன்களின் ஒளி. எங்கே வெடித்தாலும் ஏறத்தாழ அதே அளவு. சிறு வித்தியாசத்தையும், ஒளி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்துச் சரிக்கட்டுகிறார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், சந்திரசேகர் பெயரிலேயே நம் நாட்டின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இத்தகைய வெடிப்புகளைப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. 1998-ல் இந்த அளவுகோலை வைத்துத்தான் பிரபஞ்சம் வர வர வேகமாக விரிகிறது என்று கண்டார்கள்.

விரிவது எப்படித் தெரியும்? காட்பாடி ரயில் நம்மைக் கடந்து போனதும் ஊதல் சத்தம் தாழ்கிறது. விலகிப் போகும் திரளின் ஒளியும் அப்படிச் சிவப்புப் பக்கம் தாழ்கிறது. இரவு இரவாக உட்கார்ந்து நூற்றுக்கணக்கான திரள்களின் வேகத்தை இப்படி அளந்தவர் மில்டன் ஹியூமாசன். 14 வயதில் பள்ளியை விட்டவர். வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப்போனவர். பிறகு அதே கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. இரவில் உதவிக்கு நின்று நின்று, படித்தவர்களைவிட நன்றாகப் படம் எடுத்தார். 1950-ல் ஸ்வீடனின் லுண்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது.

சண்டை இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளி ஆண்டுக்கும் விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் விரிகிறது? சீஃபீடையும் வெடிப்பையும் வைத்து அளந்தவர்களில் முக்கியமான குழு 73 என்கிறது. பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை வைத்துக் கணக்கிட்டவர்கள் 67 என்கிறார்கள். இரண்டு தராசும் நல்ல தராசு என்று இரு தரப்பும் சொல்கிறது. யாரும் கணக்கை ஒளிக்கவில்லை. அடுத்தவர் எடைக்கல்லை இவர் சோதிக்கிறார், இவருடையதை அவர் சோதிக்கிறார்.

தம்பி, இதுதான் எங்கள் பதில். நம்பு என்று நாங்கள் கேட்கவில்லை. ஜோசியக்காரன் சொன்னது பலிக்கவில்லை என்றால் உன் நேரம் சரியில்லை என்பான். கட்டத்தைத் திருத்த மாட்டான். இங்கே ஒன்பது லட்சத்தை 25 லட்சமாகத் திருத்தி, திருத்தியவர் பெயரையும் திருத்திய தேதியையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஆண்ட்ரோமீடாவைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். மார்கழி பிறக்கிற சமயம், டிசம்பர் பாதியில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து இரவு ஏழு ஏழரை மணிக்குப் பாலாற்று மணலில் இறங்குங்கள். சுங்கச்சாவடி விளக்கு முகத்தில் அடிக்காத இடமாக இருக்கட்டும். செல்போனை அணைத்துப் பையில் போட்டுக் கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். வடக்கே பார்த்து நில்லுங்கள். வானத்தின் பாதி உயரத்தில் ஐந்து நட்சத்திரங்கள் ஆங்கில 'எம்' எழுத்தைப் போல இருக்கும். அதன் இடப்பக்கத்து முனையிலிருந்து நேர் மேலே, கையை நீட்டிப் பிடித்த முட்டியில் ஒன்றரை முட்டி அளவு போங்கள். அங்கே பஞ்சுத் துணுக்கு ஒட்டியதைப் போல மங்கலாக ஒரு திட்டு இருக்கும். நேராக முறைத்தால் மறையும். கொஞ்சம் பக்கமாகப் பார்த்தால் தெரியும். பையனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.